கீழப்பாவூரிலும் நடக்க வேண்டிய ஆராய்ச்சி

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு விரைவு அனுமதி அளித்தது. மூளைத்தண்டிலும் அதையொட்டிய நடுக்கோட்டுப் பகுதியிலும் திசுவோடு திசுவாகப் பின்னிப் பரவும் ஒருவகைக் கட்டிக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து இது. மூளைத்தண்டில் வரும்போது பெரும்பாலும் சிறு பிள்ளைகளைத் தாக்கும் அந்தக் கட்டியைக் கத்தி வைத்து அகற்ற முடியாது. கதிர்வீச்சு கொடுத்தால் சில மாதம் அடங்கும், பிறகு மீண்டும் தலைதூக்கும். நோய் தெரிந்து ஓராண்டு ஆவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் இறந்துவிடுகிறார்கள். புதிய மருந்தும் அற்புதம் எதையும் நிகழ்த்திவிடவில்லை. அனுமதிக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட 50 நோயாளிகளில் (பெரியவர்களும் அதில் அடக்கம்) 22 சதவீதத்தினருக்குத்தான் கட்டி சுருங்கியது. ஆனாலும் பல பத்தாண்டுகளாக எந்த மருந்துக்கும் அசையாத நோய் அது என்பதை நினைத்தால் இது பெரிய விஷயம். அந்தக் கட்டியை இயக்கும் மரபணு மாற்றம் 2012-ல்தான் கண்டறியப்பட்டது. நோயாளியின் எதிர்ப்புச் செல்களையே எடுத்து, திருத்தி, அந்தக் கட்டிக்கு எதிராகத் திருப்பி அனுப்பும் முறையின் முதல் முடிவுகளை 2022-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்டது. மெதுவாக வளரும் கட்டிகளிலும் பி-ராஃப் என்ற மரபணுவைக் குறிவைக்கும் மருந்துகள் 2023-லும் 2024-லும் குழந்தைகளுக்கு அனுமதி பெற்றன. குழந்தைகளின் மூளைக் கட்டி ஆராய்ச்சியில் இது உண்மையிலேயே நம்பிக்கை தரும் காலம்.

இந்த நம்பிக்கையில் தென்காசி மாவட்டத்துக் குழந்தைக்கு என்ன பங்கு என்று கேட்டால், இன்றைக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இங்கே இந்த நோய் இல்லாததால் அல்ல. நோயை நன்றாகப் பதிவு செய்யும் நாடுகளில் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு மூளையிலோ தண்டுவடத்திலோ கட்டி வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய தென்காசி மாவட்டப் பகுதியின் மக்கள்தொகை 14 லட்சம். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் மூன்று லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய பத்துக் குழந்தைகள் இருக்க வேண்டும். அந்த நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் ரத்தப் புற்றுநோய்க்கு அடுத்த இடம் மூளைக் கட்டிக்கு. மொத்தத்தில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு அதுதான். இந்தியப் பதிவேடுகள் பலவற்றில் அந்தப் பங்கு கணிசமாகக் குறைகிறது. நம் பிள்ளைகளின் மூளை ஏதோ தனியான பாதுகாப்போடு படைக்கப்பட்டிருக்கிறது என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. கட்டி இருப்பதே தெரியாமல், மூளைக்காய்ச்சல் என்றோ வலிப்பு என்றோ பெயர் வைக்கப்பட்டுப் போய்ச்சேரும் குழந்தைகள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதே பொருந்தும் விளக்கம். இந்த நோய்க்கான சிகிச்சை ஆராய்ச்சி என்பது அமெரிக்காவின் பாஸ்டனிலும் மெம்ஃபிஸிலும் கண்ணாடிக் கட்டடங்களில் நடப்பது, அதன் விளைச்சல் ஒருநாள் மாத்திரையாக நம் ஊருக்கு வந்துசேரும் என்று நாம் நினைத்திருக்கிறோம். நம் குழந்தைகளில் மிகப் பலரைக் காப்பாற்றக்கூடிய கேள்விகளுக்கு அங்கே விடை தேட முடியாது. அவை கீழப்பாவூர் போன்ற ஊராட்சி ஒன்றியங்களில், திருநெல்வேலி போன்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் கேட்டு விடை காண வேண்டிய கேள்விகள்.

முதல் கேள்வி, குழந்தைக்குக் கட்டி இருப்பது தெரிய எத்தனை வாரம் ஆகிறது என்பது. பிரிட்டனில் இந்தக் கேள்வியைக் கேட்டபோது கிடைத்த விடை அந்நாட்டு மருத்துவர்களையே தலைகுனிய வைத்தது. முதல் அறிகுறி தோன்றிய நாளிலிருந்து நோய் உறுதியாகும் நாள்வரை சராசரியாக 14 வாரங்களுக்கு மேல் ஆகியிருந்தது. இலவச மருத்துவமும் குடும்ப மருத்துவரும் இருக்கும் நாட்டில் இந்த நிலை. நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எந்த அறிகுறி எந்த வயதில் எத்தனை பேருக்கு வருகிறது என்று பொறுமையாகத் தொகுத்தார்கள். அதன் அடிப்படையில் 2011-ல் ‘ஹெட்ஸ்மார்ட்’ என்ற இயக்கம் தொடங்கியது. சட்டைப்பையில் வைக்கும் அளவுக்கு ஓர் அட்டை, மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல், பள்ளிகளில் விளக்கம், இவ்வளவுதான் அதன் ஆயுதங்கள். 2013-க்குள் அந்த 14 வாரம் ஏழு வாரத்துக்கும் கீழே இறங்கியது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஆனால் முன்னும் பின்னும் அளந்து எழுதியதால் இதுவும் முறையான ஆராய்ச்சிதான். நம் மாவட்டங்களில் அந்த இடைவெளி எத்தனை வாரம் என்று அளக்காமல் அதைக் குறைக்கும் பேச்சுக்கே இடமில்லை.

அந்த வாரங்கள் எங்கே கரைகின்றன என்பதை இந்த வட்டாரத்தை அறிந்தவர்கள் ஊகிக்கலாம். குழந்தை காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறது, வாந்தி எடுக்கிறது, எடுத்ததும் வலி குறைந்து விளையாடப் போய்விடுகிறது. இரவு முழுக்கப் படுத்திருப்பதால் மூளைக்குள் நீரழுத்தம் கூடி, காலையில் உச்சத்துக்குப் போவதன் அடையாளம் அது. வீட்டுக்கு அது பித்தமாகத் தெரிகிறது, பள்ளிக்குப் போகாமலிருக்கப் போடும் வேஷமாகத் தெரிகிறது. குடல் தட்டுகிறார்கள், தொக்கம் எடுக்கிறார்கள், திருநீறு போடுகிறார்கள். பூச்சி மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு பார்வைக் கோளாறாக இருக்கும் என்று கண்ணாடி போடுகிறார்கள். வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வரும் குழந்தை ஒரு நாள் நடையில் தள்ளாடும்போதோ, கண் ஒன்று உள்ளே திரும்பும்போதோதான் பெரிய மருத்துவமனைப் பேச்சு எழுகிறது. இதில் பெற்றோரைக் குறைசொல்ல எதுவுமில்லை. நூறு குழந்தைகள் காலையில் வாந்தி எடுத்தால் தொண்ணூற்றொன்பது பேருக்குச் சாதாரணக் காரணம்தான் இருக்கும். கடைசி ஒருவரைப் பிரித்தறியும் வழியை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. வாந்தி இரண்டு வாரமாக விடவில்லையா, தலைவலி நான்கு வாரமாக நீடிக்கிறதா, அதோடு தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கிறதா, மாறுகண் புதிதாக வந்திருக்கிறதா, நேர்க்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியவில்லையா, கைக்குழந்தையின் தலை அளவுக்கு மீறிப் பெருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தால் போதும். ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் பத்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனைகள் இவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு, மருத்துவர்களே எழுப்புவது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தை பிழைப்பது கூடும் என்று ஆய்வுகள் தெளிவாக நிறுவவில்லையே என்கிறார்கள். உண்மைதான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் வீரியமிக்க மூளைக் கட்டியான மெடுல்லோபிளாஸ்டோமாவில் தாமதத்துக்கும் உயிர்பிழைப்புக்கும் நேரான தொடர்பு பல ஆய்வுகளில் தென்படவில்லை. காரணம், மிக மூர்க்கமான கட்டிதான் மிக வேகமாக அறிகுறி காட்டி மிகச் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படுகிறது. சீக்கிரம் வந்தவர்கள் வரிசையில் மோசமான நோயாளிகள் கூடிவிடுவதால் கணக்கு குழம்புகிறது. ஆனால் பார்வைக்கு இந்தக் குழப்பம் இல்லை. நீரழுத்தம் மாதக்கணக்கில் பார்வை நரம்பை நசுக்கினால், கட்டியை முழுதாக எடுத்த பிறகும் பார்வை திரும்பாது. நினைவிழந்த நிலையில் நள்ளிரவில் அவசரமாக மண்டையைத் திறப்பதும், திட்டமிட்டுத் தேர்ந்த குழுவோடு காலையில் திறப்பதும் ஒன்றல்ல. அதற்கும் மேலாக, அவை பெரும்பாலும் மேலைநாடுகளில் நடந்த ஆய்வுகள். தாமதம் ஆறு மாதம், எட்டு மாதம் என்று நீளும் இடத்தில் என்ன ஆகிறது என்பதை அந்தத் தரவுகள் சொல்ல வழியில்லை. நாம்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டியைக் கண்ட பிறகு எழும் கேள்விகளிலும் பாதி நம்முடையவைதான். மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு அறுவைக்குப் பின் மூளை முழுவதற்கும் தண்டுவடம் முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். நம் மக்கள் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்வது இதைத்தான். வெந்நீரில் நனைத்து இளக்கிய பிளாஸ்டிக் தகட்டைக் குழந்தையின் முகத்தில் அழுத்தி, அதன் வடிவத்திலேயே ஒரு முகமூடி செய்கிறார்கள். அந்த முகமூடியைக் கட்டிலோடு பூட்டி, அறைக்குள் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். அசையாமல் கிடக்கத் தெரியாத சிறு பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் மயக்க மருந்து, அதற்காக ஒவ்வொரு காலையும் வெறும் வயிறு. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், முப்பது தடவை. இந்தக் கதிர்வீச்சுதான் உயிரைக் காக்கிறது. இதுவே பின்னாளில் அறிவு வளர்ச்சியையும் உயரத்தையும் குறைக்கிறது. எனவே எவ்வளவு குறைத்தால் ஆபத்தில்லை என்பது உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்வி. வட அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழு மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்கு 23.4 கிரே (கதிர்வீச்சின் அலகு) அளவை 18 கிரேயாகக் குறைத்துப் பார்த்தது. ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் 83 சதவீதத்திலிருந்து 71-ஆகச் சரிந்தார்கள். அதே ஆய்வில், கடைசியாகக் கூட்டிக் கொடுக்கும் கதிர்வீச்சைப் பின்மூளைப் பகுதி முழுவதற்கும் கொடுக்காமல் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தால் நஷ்டமில்லை என்று தெரிந்தது. ஒரு குறைப்பு உயிரை வாங்கியது, இன்னொரு குறைப்பு தீங்கின்றி முடிந்தது. எது எது என்று எந்த மேதையும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

இந்த வகை ஆராய்ச்சியில் இந்தியா கைகட்டி நிற்கவில்லை என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2001 முதல் 2012 வரை 200 குழந்தைகளையும் இளைஞர்களையும் சேர்த்து நடத்திய ஒப்பீட்டு ஆய்வு 2017-ல் வெளியானது. மெதுவாக வளரும் கட்டிகளுக்கு வழக்கமான கதிர்வீச்சு ஒரு பிரிவுக்கு, முப்பரிமாணத்தில் துல்லியமாகக் குறிவைத்த கதிர்வீச்சு இன்னொரு பிரிவுக்கு. ஐந்தாண்டுகளில் புதிதாகச் சுரப்பிக் கோளாறு வந்தவர்கள் வழக்கமான முறையில் 51 சதவீதம், துல்லியமான முறையில் 31 சதவீதம். அறிவுத்திறனும் பின்னதில் நன்றாகத் தங்கியது. துல்லியமே நல்லது என்று எல்லோரும் நம்பினார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, பல்லாண்டுகள் பின்தொடர்ந்து நிறுவியது நம் பொது மருத்துவமனை ஒன்று. அதே டாடா நிறுவனத்தின் நவி மும்பை ஆய்வு மையம், மெடுல்லோபிளாஸ்டோமாவின் நான்கு உட்பிரிவுகளையும் மெழுகில் பதித்து வைத்த சாதாரணத் திசுத் துண்டிலிருந்தே, எங்கும் கிடைக்கும் பி.சி.ஆர். கருவியால் பிரித்தறியும் சோதனையை 2013-ல் வெளியிட்டது. மேலைநாட்டு ஆய்வகங்கள் இதைவிட விலைகூடிய முறைகளை நம்பியிருந்த நேரம் அது. அந்த நான்கில் மிக மென்மையான பிரிவுக்குத் தண்டுவடக் கதிர்வீச்சையே தவிர்க்க முடியுமா என்றும் அங்கே சோதித்தார்கள். கதிர்வீச்சு படாத இடங்களில் நோய் திரும்பியதால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், நிறுத்தியதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அடுத்த ஆய்வு குறைந்த அளவுக் கதிர்வீச்சோடு தொடங்கியது. தோல்வியை எழுதி வைப்பதும் குழந்தைகளைக் காக்கும் வேலைதான். இன்னோரிடத்தில் இன்னொரு மருத்துவர் அதே தவறான வழியில் போகாமல் அது தடுக்கிறது.

மலிவான பழைய மருந்துகளிலும் இன்னும் கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. மெடுல்லோபிளாஸ்டோமாவின் மூர்க்கமான மூன்றாம் பிரிவில், கதிர்வீச்சின்போதே கார்போபிளாட்டின் கொடுத்தால் ஐந்தாண்டு நோயின்றி இருப்பவர்கள் 54 சதவீதத்திலிருந்து 73 சதவீதமாக உயர்கிறார்கள் என்று 2021-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது. கார்போபிளாட்டின் பல பத்தாண்டு பழைய மருந்து, நம் அரசு மருத்துவமனைகளில் கிடைப்பது. மெதுவாக வளரும் கட்டிகளுக்கு வாரம் ஒருமுறை வின்பிளாஸ்டின் ஊசி போதும் என்று கனடாவில் நடந்த ஆய்வுகள் காட்டின. வின்பிளாஸ்டின் நித்தியகல்யாணியிலிருந்து வருவது. தென்காசிச் சாலையோரத்திலும் சுடுகாட்டு ஓரத்திலும் தானே முளைத்துப் பூக்கும் அதே செடி. ஏற்றுமதிக்காகத் தென்மாவட்ட மானாவாரி நிலங்களில் விதைத்து அறுத்ததும் உண்டு. 1958-ல் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் ஜமைக்காவிலிருந்து வந்த இலையிலிருந்து அந்த மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இலையும் வேரும் இங்கிருந்து கப்பல் ஏறிய காலத்திலும், அதைக் கொண்டு எந்தக் குழந்தைக்கு எவ்வளவு என்று கணக்கிடும் வேலை பெரும்பாலும் வேறு தேசத்தில்தான் நடந்தது. இதை நினைக்கும்போது வருத்தம் வருகிறது. மரபணுச் சோதனைக்கும் குறிவைக்கும் மருந்துக்கும் வசதியில்லாத இடத்தில் வார ஊசியை மாவட்ட மருத்துவமனையிலேயே போட முடியுமா, அதனால் எத்தனை குடும்பம் சிகிச்சையில் தங்கும் என்று பார்ப்பதற்குப் பெரிய ஆய்வகம் எதுவும் தேவையில்லை.

எத்தனை குடும்பம் சிகிச்சையில் தங்குகிறது என்பது சமூகநலத் துறை மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ஐரோப்பிய ஆய்வு ஒன்று, மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கான கதிர்வீச்சை 50 நாளுக்குள் முடித்த குழந்தைகள், இழுத்தடித்து முடித்தவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள் என்று காட்டியது. அதாவது இடையில் விடுபடும் நாட்களுக்கு மருந்தின் வீரியத்துக்கு ஒப்பான விளைவு உண்டு. இப்போது கீழப்பாவூரிலிருந்து கணக்குப் பாருங்கள். சென்னை அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் நூறுக்குச் சற்று மேல், அதனால்தான் இந்தப் பக்கத்துப் புற்றுநோயாளிகள் பலர் அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்தை நாடுகிறார்கள். அம்மா பீடி சுற்றுபவர், அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குபவர் என்றால், ஆறு வாரம் ஒருவர் குழந்தையோடு வெளியூரில் தங்குவது அந்த வீட்டின் பாதி வருமானத்தை நிறுத்துகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் பணம் கட்டுகிறது, அது நாடே பார்த்துக் கற்க வேண்டிய திட்டம். ஆனால் விட்டுப்போன கூலியை அது கட்டாது. டாடா மருத்துவமனையில் 2009-ல் ஐந்தில் ஒரு குழந்தை சிகிச்சையைப் பாதியில் கைவிட்ட நிலை இருந்தது. தங்குமிடம், சாப்பாடு, பயணச் செலவு, தவறினால் தொலைபேசியில் தேடிப் பிடிக்கும் ஆள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, சேர்த்ததன் விளைவை ஆண்டுதோறும் அளந்து, சில ஆண்டுகளில் அதை ஐந்து சதவீத அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எந்தப் புது மருந்தும் ஒரே வீச்சில் இத்தனை குழந்தைகளைத் தக்கவைத்ததில்லை.

ஆண்டுக்குப் பத்துக் குழந்தைகளுக்காக ஒரு மாவட்டம் இத்தனை சிரமப்பட வேண்டுமா, ரத்தசோகையும் டெங்குவும் இருக்கும்போது என்று கேட்பவர்கள் உண்டு. பத்து என்பது ஒரு மாவட்டத்துக்கு. மாநிலம் முழுவதற்கும் சில நூறு, நாட்டுக்குப் பல ஆயிரம். தொற்றுநோய் குறையக் குறைய, குழந்தை இறப்புப் பட்டியலில் இந்த நோய்களின் பங்கு மேலே வரும். தமிழ்நாடு அந்தக் கட்டத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்ட மாநிலம். உலக சுகாதார அமைப்பும் 2018-ல் குழந்தைப் புற்றுநோய்க்கான உலகளாவிய முன்முயற்சியைத் தொடங்கியபோது, 2030-க்குள் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகள் பிழைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அளவுகோலாக எடுத்துக்கொண்ட ஆறு புற்றுநோய்களில் மெதுவாக வளரும் மூளைக் கட்டியும் ஒன்று. பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகளில் முப்பது சதவீதத்துக்கும் கீழே என்பது அந்த அமைப்பின் கணிப்பு. அந்த ஐம்பது சதவீத இடைவெளியில் மிகப் பெரும்பகுதி பழைய மருந்தையே சரியான நேரத்தில் சரியாகக் கொடுக்காததால் வருவது.

இதற்கு முன்பு ஒருமுறை நாம் இதைச் செய்து காட்டியிருக்கிறோம். 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும் மும்பை டாடாவும் தில்லி எய்ம்ஸும் சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சை முறையை ஏற்றுக்கொண்டன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து வகுத்த அந்த முறை நம் வசதிக்குப் பொருந்தும்படி அமைந்தது. இருபதாண்டு விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, அதற்கு முன் இருபது சதவீதத்தைத் தொடாமல் இருந்த நோயற்ற வாழ்வு 45 முதல் 60 சதவீதமாகியிருந்தது. புது மருந்து எதுவும் வரவில்லை. எல்லோரும் ஒரே முறையில் கொடுத்தார்கள், கொடுத்ததை எழுதினார்கள், எழுதியதைப் பார்த்துத் திருத்தினார்கள். இன்று குழந்தைப் புற்றுநோய்க்கான இந்தியக் கூட்டாய்வுக் குழு இருக்கிறது, நரம்பியல் புற்றுநோய்க்கான இந்தியச் சங்கம் இருக்கிறது, மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு இந்திய வழிகாட்டுதலும் இருக்கிறது. இவை பெருநகர மருத்துவமனைகளோடு நின்றுவிடுவதுதான் குறை.

அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைக் குழந்தைகள் மேல் சோதனை நடத்துவதா என்ற அச்சமும் பொய்யானதல்ல. 2009-10-ல் ஆந்திரத்திலும் குஜராத்திலும் பழங்குடிச் சிறுமிகளிடம் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் ஒப்புதல் பெற்ற விதம் நாட்டையே அதிரவைத்தது. ஆய்வு நிறுத்தப்பட்டது, நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகு வந்த 2019-ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள், பாதிப்புக்கு இழப்பீட்டையும் நெறிமுறைக் குழுவின் பொறுப்பையும் வரையறுத்தன. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடமும் அதற்குப் புரியும்படி சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நெறிமுறை. ஆய்வில் சேரும் குழந்தைக்குக் குறைந்தபட்சம் வழக்கமான சிகிச்சையாவது உறுதி, ஒவ்வொரு அடியையும் ஒரு குழு கண்காணிக்கிறது. ஆய்வே இல்லாத இடத்தில் நடப்பது என்ன? ஒவ்வொரு மருத்துவரும் தமக்குத் தோன்றியபடி அளவைக் கூட்டிக் குறைக்கிறார், விளைவு எழுதப்படுவதில்லை, அடுத்த குழந்தைக்கு அதனால் பயன் கிடைப்பதில்லை. பதிவேடு இல்லாத, கண்காணிப்பு இல்லாத, சம்மதம் கேட்காத சோதனை என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

செய்யத்தக்க முதல் வேலை சிறியது. கீழப்பாவூர் ஒன்றியத்திலும், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு ஒன்றியத்திலும் அதைத் தொடங்கலாம். ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசியச் சிறார் நலத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஏற்கெனவே அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போய்வருகின்றன. 2013-ல் அத்திட்டம் தொடங்கியபோது வகுத்த முப்பது குறைபாடுகளின் பட்டியலில் மூளைக் கட்டி இல்லை. ஒரு ஒன்றியத்தில் அந்தக் குழுவுக்கும், செவிலியருக்கும், ஆசிரியருக்கும், கண்ணாடிக் கடைக்காரருக்கும், நாட்டு வைத்தியருக்கும்கூட அறிகுறி அட்டையைத் தமிழில் கொடுக்கலாம். குழந்தையின் கண்ணைச் சோதிப்பவர்களை விட்டுவிடவே கூடாது, ஏனெனில் பார்வை நரம்பின் முனை வீங்கியிருப்பதை முதலில் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான். இன்னொரு ஒன்றியத்தில் வழக்கம்போல நடக்கட்டும், அங்கும் கணக்கு மட்டும் எடுக்கப்பட வேண்டும். ஒரே மாவட்டத்தில் இரண்டு ஒன்றியங்களின் எண்ணிக்கை முடிவு சொல்லப் போதாது என்பதால், தென்மாவட்டங்கள் நான்கைந்தில் இதே முறையில் சில ஆண்டுகள் நடத்த வேண்டியிருக்கும். ஸ்கேன் கேட்டு வரும் கூட்டத்தில் உண்மையான அவசர நோயாளி நசுங்கிவிடுவாரே என்ற கவலைக்கும் இதுவே விடை தரும். எத்தனை குழந்தைகள் அட்டையோடு வந்தார்கள், நடையும் கண்ணும் பார்த்த பிறகு எத்தனை பேருக்கு ஸ்கேன் தேவைப்பட்டது, எத்தனை ஸ்கேனுக்கு ஒரு கட்டி என்ற எண்கள் கையில் இருந்தால், அட்டையைத் திருத்தலாம், விரிக்கலாம், பயனில்லை என்றால் கைவிடவும் செய்யலாம்.

இரண்டாவது, வாரம் ஒரு மணி நேரம். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது, அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை திருநெல்வேலியில் இருப்பது. அங்குள்ள நரம்பியல் அறுவை மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் குழந்தை மருத்துவரும், அடையாற்றிலோ வேலூரிலோ திருவனந்தபுரத்திலோ இந்த நோயை நிறையப் பார்த்தவர்களோடு காணொளியில் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் பேசினால் என்ன மாறும்? ஜோர்டானின் புற்றுநோய் மையம் 2004 முதல் கனடாவின் டொரான்டோ குழந்தைகள் மருத்துவமனையோடு இதைச் செய்தது. தொடக்கக் காலத்தில் பேசப்பட்ட 64 குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்கு, முதலில் போட்ட சிகிச்சைத் திட்டத்தைப் பெரிய அளவில் மாற்றும் பரிந்துரை கிடைத்தது. ஒரு காமிராவும் இணைய இணைப்பும் ஒழுங்காக நேரத்துக்கு வரும் மனிதர்களும் இருந்தால் நடக்கும் காரியம் இது. அறுத்தெடுத்த கட்டியின் ஒரு துண்டைத் தவறாமல் மெழுகில் பாதுகாத்து, உட்பிரிவு பார்க்க அனுப்புவதும் இதோடு சேர வேண்டும். உலகில் எங்கோ ஒரு புதிய மருந்து குறிப்பிட்ட மரபணு மாற்றத்துக்கு என்று வரும்போது, அந்த மாற்றம் உள்ள குழந்தை நம்மிடம் இருக்கிறதா என்பதே தெரியாத நிலையில் எந்த நிறுவனமும் நம்மை ஆய்வில் சேர்க்காது, விலை குறைக்கவும் வராது.

மாநிலம் முழுவதையும் தழுவும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் முதல் அறிகுறித் தேதி, நோய் உறுதியான தேதி, கதிர்வீச்சு தொடங்கிய நாள், முடித்த நாள், ஐந்தாண்டுக்குப் பிறகு பள்ளிக்குப் போகிறதா என்ற ஐந்து விவரங்களைச் சேர்ப்பதற்கு ஒரு அரசாணை போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் மருத்துவத் துறை அமைச்சர் இதற்கென்று ஒதுக்க வேண்டிய தொகை, ஒரு மேம்பாலத்தின் ஒரு தூணுக்கு ஆகும் செலவுக்குள் அடங்கிவிடும். தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் மக்கள் பிரதிநிதிகள் கட்சி பாராமல் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.